ஊருக்குச் சொன்ன பதில்

இது நடந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மதுரையில், மழை வருமா வராதா என்று சொல்ல முடியாத ஓர் ஆவணி மாதம். என் மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. நாங்கள் இருவரும் விளாங்குடியில் ஒரு மாடி வீட்டுக்கு வாடகைக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. தினமும் டைரி எழுதுவது என் பழக்கம். இதை எழுத உட்காரும் முன் அந்த வருடத்து டைரியை எடுத்துப் பார்த்துக்கொண்டேன். கிழமைகள் சரியாக இருக்கின்றன. ஆனால் அந்த மாதத்தின் பல பக்கங்களில் ஒரு வரிக்கு மேல் எதுவும் இல்லை.

எங்கள் சொந்த ஊர் கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். திருச்சி நாற்கரச் சாலையிலிருந்து உள்ளே போக வேண்டும். என் கணவருக்குக் கொஞ்சம் தென்னந்தோப்பும் தேங்காய் வியாபாரமும் இருந்தன. எனக்கு மதுரையில், கோரிப்பாளையத்தில், ஒரு ஸ்கேன் சென்டரில் பில் போடும் வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருவேன். காலையில் அவர் பைக்கில் கொண்டுவந்து சாலையில் விடுவார். இரவு நான் திரும்பும் பஸ் ஊருக்கு எதிர்ப்பக்கத்தில்தான் நிற்கும். அவர் ஊர்ப்பக்கத்தில் வண்டியோடு காத்திருந்து, நான் இறங்கியதும் சாலையைக் கடந்து வந்து ஏற்றிக்கொள்வார். அந்த வருடம் மே மாதம் ஒரு வியாழக்கிழமை நான் பஸ்ஸைவிட்டு இறங்கினேன். அவர் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். பிறகு நடந்ததை நான் டைரியிலும் எழுதவில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.

காரியங்கள் முடிந்து மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தேன். போனால் திரும்பி வர வேண்டும். வந்தால் அதே நிறுத்தத்தில் இறங்க வேண்டும். ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிச் சாலையோரமாக நடந்து வந்து பார்த்தேன். கண்டக்டரிடம் சொல்லி ஒரு நிறுத்தம் தாண்டி இறங்கியும் பார்த்தேன். முடியவில்லை. நான் வீடு வந்து சேரும்வரை மகள் அந்த வீட்டில் தனியாக இருந்தாள். அவளுக்கும் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. விளாங்குடியில் இருக்கும் என் தம்பி ஒரு வீடு பார்த்துச் சொன்னான். ஆடி கழிந்ததும் கிளம்பிவிடுவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் பக்கத்தில் இது சின்ன விஷயமில்லை. புருஷன் இறந்து வருஷம் திரும்புவதற்குள் பெண்டாட்டி வீட்டைப் பூட்டிக்கொண்டு போனால் ஊர் நாலு விதமாகப் பேசும். என் கொழுந்தன்மார் முகம் கொடுத்துப் பேசவில்லை. போ என்று சொன்னவர் ஒருவர்தான். அவர் என் கணவரின் அண்ணன் மனைவி. பக்கத்து வீடு. நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன், என் மகள் பெரியம்மா என்பாள். படிப்பு அதிகம் கிடையாது. குரல் மட்டும் தெருக்கோடி வரை கேட்கும்.

"நீ போத்தா. புள்ளயப் பாரு. இங்கன எவளும் ஒரு வார்த்தை பேசாம நான் பாத்துக்கிறேன்" என்றார்.

எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பது பிறகு தெரிந்தது. யார் கேட்டாலும், "எங்க போயிருக்கா? இங்கதான் இருக்கா. வேலைக்குப் போயிருக்கா, வந்துருவா" என்று ஒரே பதிலைச் சொல்லி வந்தார். ஊரும் நம்பியதா, நம்பியதுபோல் இருந்ததா, தெரியாது. பேச்சு மட்டும் நின்றது.

இன்னொன்றையும் அவர் ஏற்றுக்கொண்டார். எங்கள் பங்காளிகளிடையே ஒரு வழக்கம் உண்டு. இறந்தவரைக் கிடத்திய இடத்தில் ஒரு சொம்புத் தண்ணீரும் ஓர் அகல் விளக்கும் வைப்போம். சிலர் பதினாறாம் நாளோடு நிறுத்திவிடுவார்கள். எங்கள் வீட்டு வழக்கப்படி வருஷம் திரும்பும்வரை தினமும் அந்தி நேரத்தில் விளக்கு எரிய வேண்டும், வீடு இருட்டில் கிடக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் வைத்தேன். மற்ற நாட்களில் அக்கா எங்கள் வீட்டைத் திறந்து கூட்டி, தண்ணீர் மாற்றி, விளக்கேற்றினார். சாவி அவரிடம்தான் இருந்தது.

என் மகள் கபடி ஆடுவாள். எட்டாம் வகுப்பிலிருந்தே ரைடர், எதிர் அணியின் பக்கம் பாடிப் போகிறவள். ஆள் ஒல்லி, ஆனால் பிடித்தவர் கையில் நிற்கமாட்டாள். பழைய பள்ளியில் இருந்தபோது ஒரு முறை, மாவட்டத்துக்கு முந்தைய படியான குறுவட்டப் போட்டியில், கடைசி ஆட்டம்வரை வந்து தோற்றார்கள். இந்தமுறை மாவட்டப் போட்டி வரை போய்விட வேண்டும் என்பது அவள் கணக்கு. மாவட்டத்தில் ஆடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு குறிப்பிட்ட மகளிர் கல்லூரியில் இடம் கேட்கலாம். அந்தக் கல்லூரியின் கபடி அணியை அவளும் அவள் அப்பாவும் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். பள்ளியில் அதுதான் அவளுக்குக் கடைசி வருடம். அதைத் தவறவிட்டால் மறுபடி வராது.

விளாங்குடிப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் இடம் கிடைத்தது. அங்கே உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்த இளம்பெண் முதல் நாளே இவளை ஆடவிட்டுப் பார்த்திருக்கிறார். அன்று மாலை நான் அழைத்துவரப் போனபோது மைதானத்தின் ஓரத்தில் நின்றேன். வீட்டில் உப்பு வேண்டுமா என்று கேட்டால்கூடத் தலையை மட்டும் ஆட்டுகிற பெண், கோட்டைத் தாண்டிக் குனிந்து, கபடி கபடி கபடி என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு போனாள். மூன்று மாதங்களுக்குப் பிறகு அவள் குரலை அவ்வளவு நேரம் தொடர்ந்து கேட்டேன். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒரு சிக்கல் இருப்பதை டீச்சர் அன்றே சொன்னார். பள்ளி தொடங்கிச் சில வாரங்களுக்குள் சேர்ந்தவர்கள்தான் அந்தப் பள்ளிக்காக ஆடலாம். அதற்குப் பிறகு மாறி வந்தால் அந்த வருடம் வெளியே உட்கார வேண்டும். நல்ல ஆட்டக்காரர்களைப் போட்டிக்கு முன்னால் ஒரு பள்ளி இன்னொரு பள்ளியிடமிருந்து இழுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்காக வைத்த விதி. டி.சி. வாங்கிவிட்டதால் பழைய பள்ளிக்கும் இனி ஆட முடியாது. ஆனால் பெற்றோர் இறப்பாலோ வேலை மாற்றத்தாலோ குடும்பமே வீடு மாறி வந்திருந்தால் விலக்கு உண்டு.

"உங்களுக்கு இது பொருந்தும்மா. இறப்புச் சான்றிதழ் இருக்கில்ல? வீட்டு முகவரிக்கு ஏதாவது குடுங்க" என்றார்.

முகவரிக்குத்தான் ஒன்றும் இல்லை. ரேஷன் கார்டு, ஆதார், கேஸ் புத்தகம் எல்லாம் ஊர் முகவரியில் இருந்தன. வாடகை ஒப்பந்தம் கேட்டதற்கு வீட்டுக்காரர், "நம்மளுக்குள்ள எதுக்கும்மா பத்திரம் எல்லாம்?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் ஒரு வெள்ளைத்தாளில் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தலைமையாசிரியையும் கையெழுத்திட்டார். முதல் சுற்றில் அது போதுமானதாக இருந்தது.

குறுவட்டப் போட்டியின் கடைசி ஆட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் அரைநாள் விடுப்பு எடுத்துப் போனேன். எதிர் அணி வடக்குப் பக்கத்து அரசுப் பள்ளி. அந்தப் பிள்ளைகள் ஆட்டத்துக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார்கள். "ஏய், கொட்டாம்பட்டி எக்ஸ்பிரஸ் வந்துருச்சுடி", "லாஸ்ட் பஸ் எத்தன மணிக்குக்கா? போயிரப் போகுது, பாத்து ஆடு" என்று கோட்டுக்கு அந்தப்புறமிருந்து கத்தினார்கள். எங்கள் அணியில் ஒருத்தி, "பஸ்ஸ விடு, மொதல்ல அவ கால்ல ஒன்னப் புடி பாப்போம்" என்று திருப்பிக் கொடுத்தாள். என் மகள் எதற்கும் திரும்பவில்லை. அன்று அவள் போன ரைடுகளில் பாதிக்குமேல் புள்ளியோடு திரும்பினாள். கடைசி நிமிடத்தில் மூன்று பேர் சேர்ந்து பிடித்தும் ஒரு கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டாள். பள்ளி வரலாற்றிலேயே முதல் முறையாக மாவட்டப் போட்டிக்குப் போகிறோம் என்று டீச்சர் அழுதார். மகள் என்னைத் தேடி வந்து, முட்டியில் ரத்தத்தோடு, "அம்மா, பசிக்குது" என்றாள். மே மாதத்துக்குப் பிறகு அவளாகக் கேட்ட முதல் சாப்பாடு அது. அன்றைய டைரிப் பக்கம் மட்டும் நிறைந்திருக்கிறது.

மறுநாளே எதிர் அணியின் உடற்பயிற்சி ஆசிரியர் ஆட்சேபணை கொடுத்துவிட்டார். ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். அவருடைய அணியில் ஆடிய ஒரு பெண்ணின் சித்தி எங்கள் ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். அந்தச் சித்தி, "அவுக எங்கயும் குடி போகலையே, இங்கதான் இருக்காக, தெனம் வெளக்கு எரியுதே" என்று சொல்லியிருக்கிறார். பொய் சொல்லவில்லை. அக்கா ஊருக்குச் சொன்னதைத்தான் அவரும் நம்பிச் சொன்னார்.

போட்டி நடத்தும் குழு இரண்டு ஆசிரியர்களை விசாரிக்க அனுப்பியது. முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்தால் உண்மை தெரியாது என்பதால் சொல்லாமல் வருவதுதான் அவர்கள் வழக்கம். வெள்ளிக்கிழமை மதியம் விளாங்குடிக்கு வந்திருக்கிறார்கள். நான் வேலையில், மகள் பள்ளியில். மாடி பூட்டியிருந்தது. கீழே இருந்த வீட்டுக்காரர், கையில் பேப்பரோடு இரண்டு பேர் நிற்பதைப் பார்த்து மாநகராட்சியிலிருந்து வரி விஷயமாக வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார். வாடகைக்கு விட்டிருப்பதை அவர் எங்கும் காட்டவில்லை. "வாடகைக்கு யாரும் இல்ல சார். சொந்தக்காரங்க அப்பப்ப வந்து தங்குவாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அங்கிருந்து அவர்கள் நேராக எங்கள் ஊருக்குப் போயிருக்கிறார்கள். போய்ச் சேரும்போது அந்தி நேரம்.

டீச்சர் போனில் பதறிக்கொண்டு சொன்ன பிறகு நான் அக்காவைக் கூப்பிட்டேன். அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது.

"ஆமா, ரெண்டு பேரு பைக்குல வந்தாக. உன்னய எங்கன்னு கேட்டாக. இங்கதான் இருக்கா, வேலைக்குப் போயிருக்கா, எட்டு மணி பஸ்ஸுக்கு வந்துருவான்னேன். நம்பாத மாதிரி பாத்தாக. வாங்க சார்னு வீட்டத் தொறந்து காமிச்சேன். அப்பத்தான் கூட்டி வெளக்கு வச்சிருந்தேன். ஆளு இல்லாத வீடா இதுன்னு கேட்டேன். ஒன்னும் பேசல. ஒரு பேப்பருல கையெழுத்துக் கேட்டாக, போட்டுக் குடுத்தேன்."

ஏன் அக்கா அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"பெறகு என்ன சொல்லச் சொல்ற? புருசன் செத்து வருசம் திரும்பல, பொண்டாட்டி வீட்டப் பூட்டிட்டுப் போயிட்டான்னா? எவனோ பேரு தெரியாதவன்கிட்டயா?"

விஷயத்தை நான் சொல்லி முடித்தேன். மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. திங்கட்கிழமை விசாரணை. அவர் காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, யாரும் அழைக்காமலே, விசாரணை நடக்கும் இடமென்று நான் சொல்லியிருந்த பள்ளிக்கு வழி கேட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றார். மதுரைக்குத் தனியாக அவர் வந்தது அதுதான் முதல் முறை.

தலைமையாசிரியர் அறை. குழுத் தலைவர்தான் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர். மிரட்டுகிற ஆளில்லை. எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். விசாரிக்கப் போன இரண்டு ஆசிரியர்களும் பார்த்ததை அப்படியே சொன்னார்கள். ஒரு வார்த்தை கூட்டவில்லை. புகார் கொடுத்த ஆசிரியர் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். வரிக்குப் பயந்து வீட்டுக்காரர் சாட்சிக்கு வரவில்லை. நான் நடந்ததை வரிசையாகச் சொன்னேன். தலைவர் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. இந்த நாற்காலில உக்காந்து நான் நெறய அழுகையப் பாத்துட்டேன். போன வருஷம் ஒரு பள்ளிக்கூடம் ஒரு பையனோட அப்பாவைச் சாகடிச்சே கொண்டுவந்தாங்க. சர்டிபிகேட்டோட. ஃபைனல் அன்னிக்கு அந்த அப்பா கிரவுண்டுல நின்னு கைதட்டிக்கிட்டிருந்தார்."



அக்கா அப்போது எழுந்து நின்றார். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இவர்கள் விளாங்குடியில்தான் இருக்கிறார்கள், நான்தான் மாற்றிச் சொன்னேன் என்றார். ஊரில் தெருக்கோடி வரை கேட்கும் அந்தக் குரல் அந்த அறைக்குள்ளேயே எட்டவில்லை.

தலைவர், "நீங்க அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யாம்மா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு எழுதிக்கொள்ள ஒரு பதில் வேண்டியிருந்தது.

அக்கா கொஞ்சம் யோசித்தார். "அன்னைக்குச் சொன்னது ஊருக்குச் சொன்னது சார். இன்னைக்குச் சொல்றதுதான் உங்களுக்கு."

சுவரோரம் இருந்த ஆசிரியர் முதல் முறையாகத் தலை நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். "அந்த வெளக்கு எதுக்கும்மா?" என்று கேட்டார். அக்கா சொன்னார். சொம்பையும் தண்ணீரையும்கூடச் சொன்னார். அவர் என் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து, "ஐயா, நான் புகார வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "சார், இப்ப இது உங்க புகார் இல்ல. ரெண்டு முகவரிக்கும் ஆள் போய்ப் பாத்தாச்சு. விளாங்குடில இல்லைங்கிறாங்க, ஊர்ல இருக்காங்கங்கிறாங்க. எழுத்துல இருக்கு. இதத் தள்ளிட்டு இவங்கள நான் அனுமதிச்சா, நாளைக்கு அப்பனச் சாகடிக்கிறவன்கிட்ட நான் என்ன சொல்றது?"

முடிவை அன்றே சொல்லிவிட்டார்கள். என் மகள் அந்த வருடம் ஆடத் தகுதியில்லை. அவள் ஆடிய ஆட்டங்கள் செல்லாது. மாவட்டப் போட்டிக்கு எதிர் அணி போகும். தண்டனை அவளுக்கு மட்டும் இல்லை, அணி முழுவதற்கும் விழுந்தது. எங்கள் டீச்சர் அழவில்லை. பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று மட்டும் என்னிடம் கேட்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் புகார் கொடுத்த ஆசிரியர் எனக்காகக் காத்திருந்தார். இரண்டு ஆண்டுகளாகத் தான் வளர்த்த பிள்ளைகளை விடுதி தருகிறோம், ஷூ தருகிறோம் என்று சொல்லித் தனியார் பள்ளிகள் கொண்டுபோய்விட்டதை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஒவ்வொரு முறையும் ஒரு முகவரி காட்டினார்களாம். ஒவ்வொரு முறையும் அது பொய் முகவரியாம்.

"உங்க வீட்டுக்காரர் தவறிப்போனதுன்னு பேப்பர்ல பாத்தேம்மா. அதுவும் பொய்யாத்தான் இருக்கும்னு நெனச்சேன். அப்படி நெனைக்கிற ஆளா என்னய ஆக்கிட்டாங்க."

எனக்கு அவர்மேல் கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கோபப்பட ஓர் ஆள் கிடைத்திருந்தால் அந்த நாள் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

மாட்டுத்தாவணியில் அக்காவை பஸ் ஏற்றப் போனோம். என் மகள் முன்னால் நடந்துகொண்டேயிருந்தாள். அக்கா பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, "ஏத்தா, பெரியம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுப் போ" என்றார். மகள் எதிரே இருந்த பழக்கடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ் கிளம்பியது. நான் அவளை அதட்டவில்லை. அதட்ட எனக்குத் தெம்பில்லை.

பள்ளியில் அவளை யாரும் திட்டவில்லை. அணித் தலைவி மட்டும் ஒரு நாள், "நீ வராமலே இருந்திருந்தா நாங்க வழக்கம்போலத் தோத்திருப்போம். இப்படி ஜெயிச்சுட்டுத் தோத்திருக்க மாட்டோம்" என்று சொன்னாளாம். அதை என் மகள் வீட்டில் வந்து எந்த உணர்ச்சியும் இல்லாமல், வீட்டுப்பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். அணிக்குக் கொடுத்த பனியனைத் துவைத்து மடித்து டீச்சரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். மாவட்டப் போட்டியில் அந்த அரசுப் பள்ளி அணி முதல் ஆட்டத்திலேயே தோற்றது என்று பிறகு கேள்விப்பட்டோம்.

விசாரணை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குக் கிளம்பினேன். குடி மாறியதிலிருந்து மகள் ஒரு முறைகூட என்னோடு ஊருக்கு வந்ததில்லை. அன்று செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. வழியில் பஸ் பழுதாகி நின்றதில் நாங்கள் போய்ச் சேர நேரமாகிவிட்டது. அந்த நிறுத்தத்தில் இறங்கிச் சாலையைக் கடக்கும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்தாளா, நான் பிடித்தேனா, சரியாகச் சொல்ல முடியவில்லை.

எங்கள் வீடு இருட்டாக இருந்தது. தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது, எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. பக்கத்து வீட்டு வாசற்படியில் அக்கா உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. விளக்கு வைக்கவில்லையா என்று கேட்டேன்.

"வச்சது போதும்" என்றார். "அந்த வெளக்குதான புள்ளயக் காட்டிக் குடுத்துச்சு. திங்கக்கிழம வந்ததுலருந்து நான் அந்தக் கதவத் தொறக்கல."

அக்காவின் கணவர் உள்ளிருந்து, அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்றார். ஆறுதல் சொல்ல வேண்டிய இடத்தில் நானா இருக்கிறேன், அவரா இருக்கிறார் என்று தெரியவில்லை. அப்போது என் மகள் அவர்முன் போய்க் கையை நீட்டினாள்.

"பெரியம்மா, சாவி."

அக்கா இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் போய்க் கதவைத் திறந்தாள். துடைப்பம் சரசரக்கும் சத்தம் கேட்டது. குழாயடியில் சொம்பைக் கழுவித் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள். எண்ணெய் எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. சற்று நேரத்தில் எங்கள் ஜன்னலில் மஞ்சளாக வெளிச்சம் தெரிந்தது. அவள் அப்பாவைக் கிடத்தியிருந்த அந்தக் கூடத்துக்குள் அவள் மே மாதத்துக்குப் பிறகு கால் வைக்காதவள். ஊரில் இருந்தபோதும் பின்கட்டு வழியாகவே போய் வந்தவள்.

கதவைப் பூட்டிவிட்டு வந்து சாவியைப் பெரியம்மாவின் கையில் வைத்தாள். அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். பிறகு, யாரிடமோ சொல்வதுபோல் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"யாராச்சும் கேட்டா, இங்கதான் இருக்கோம்னே சொல்லுங்க பெரியம்மா."

அக்கா அவள் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு அழுதார். நான் எங்கள் வீட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதன்பிறகு வருஷம் திரும்பும்வரை ஒரு நாள்கூட விளக்கு தவறவில்லை. தலைத்திவசம் முடிந்து விளக்கை எடுத்தோம். மகள் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவில்லை. மதிப்பெண்ணுக்குக் கிடைத்த வேறொரு கல்லூரியில் பி.காம். சேர்ந்து இப்போது கடைசி வருடம். வீட்டில் நன்றாகப் பேசுகிறாள், சண்டைகூடப் போடுகிறாள். கபடியைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. மைதானத்தை ஒட்டிப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருவதில்லை.

அந்த விதி தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தத் தலைவரையும் அந்த ஆசிரியரையும் குறை சொல்ல முடியவில்லை. எங்கள் மானத்தைக் காக்க அக்கா சொன்ன வார்த்தையும், என் கணவருக்காக அவர் ஏற்றிய விளக்கும் சேர்ந்துதான் என் மகளின் ஆட்டத்தை முடித்தன என்பதை மட்டும் ஏற்றுக்கொண்டு வாழப் பழகியிருக்கிறேன். ஸ்கேன் சென்டரில் வருகிறவர்களிடம் "எங்க இருக்கீங்க?" என்று ஒரு நாளில் எத்தனையோ முறை நான் கேட்கிறேன், அவர்களும் யோசிக்காமல் சொல்கிறார்கள், அதே கேள்வியை யாராவது என்னிடம் கேட்டால் மட்டும், கேட்பது ஊரா, வேறு யாராவதா என்று ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இன்றும் பதில் சொல்கிறேன்.